இரண்டு முறை விழுந்த சுவர்

விழாவுக்குத் தலைமை தாங்கி, கைக்கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் நகர மன்றத் தலைவர் அவர்களே, கேடயத்தை மடியில் கிடத்திக் காத்திருக்கும் துணைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்களைச் சூரியன் என்றும் சந்திரன் என்றும் சொல்லிக் கூசவைத்த கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்த அலுப்போடும் வீட்டில் விட்டுவந்த வேலையின் நினைப்போடும் வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே, என்னையும் சேர்த்து இருபத்தேழு பேராக இருந்து, இன்று இந்த மேடைக்கு ஏற மனம் வராமல் அந்த மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் நிழற்கூட்டத்துப் பிள்ளைகளே.

பின்னால் கேட்கவில்லையா? இருங்கள், மைக்கை உயர்த்துகிறேன். இப்போது கேட்கிறதா? கேட்கிறது என்று கை காட்டுகிறீர்கள். நல்லது. இந்த ஊருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவள் நான். செம்புக் கம்பியோடு பேசிப் பழகியவள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்குப் போய் மூன்று டம்ளரும் ஒரு டிபன் பாக்ஸும் வாங்கினேன் என்ற ஒரே காரணத்துக்காக, ‘நீயே பேசித் தொலை’ என்று பிள்ளைகள் தள்ளிவிட்டார்கள். அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘நிழலின் வெற்றி’ என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். வெற்றியா? எது வெற்றி? எவருக்கு வெற்றி? அரங்கம் நிறைந்ததே, அது வெற்றியா? ஆரவாரம் எழுந்ததே, அது வெற்றியா? அன்பர்களே, நாங்கள் தோற்றோம். கொஞ்சநஞ்சமாக இல்லை, முழுசாகத் தோற்றோம். எப்படித் தோற்றோம் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் கூடப் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உள்ளூர்க்காரர்களே, மறந்திருந்தால் உங்களுக்காகவும் சொல்கிறேன்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி. மருத்துவமனை விரிப்புகளையும் விடுதி விரிப்புகளையும் வெளுத்துத் தேய்த்து அனுப்புகிற சலவை ஆலை. அதன் தேய்ப்புக் கூடத்தின் பின்சுவர் மேல் தண்ணீர்த் தொட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். சுவர் தாங்கவில்லை. விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பெண்களும் இறந்துபோனார்கள். மூத்தவளுக்கு முப்பத்தொன்று. இளையவளுக்குப் பத்தொன்பது.

அந்தச் சுவர் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்த சுவர் இல்லை. விரிசல் விட்டது, காரை உதிர்ந்தது, தண்ணீர் கசிந்தது, அப்புறம்தான் விழுந்தது. எட்டுப் பேரும் கதவுக்கு ஓடினார்கள். கதவு வெளியே பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனால் திரும்பி வர நேரமாகிறது என்று மேஸ்திரி பூட்டி வைப்பது வழக்கம். எட்டுப் பேரும் அந்தக் கதவை இடித்தார்கள். பதினாறு கையால் இடித்தார்கள். பிறகு சுவர் விழுந்தது. பிறகு மேஸ்திரி ஓடிவந்து பூட்டைத் திறந்தார். பிறகு ஊர் கூடியது. ஊர் கூடியபோது கதவு திறந்திருந்தது.

நிர்வாகம் என்ன சொல்கிறது? ‘கதவு எப்போதும்போல் திறந்துதான் இருந்தது. அவர்கள்தான் வெளியே வரவில்லை’ என்கிறது. அதாவது, அந்த எட்டுப் பேரும் தங்கள் சாவுக்குத் தாங்களே காரணம் என்கிறது. விசாரணை அதிகாரி சாட்சி கேட்கிறார். பூட்டியிருந்ததைப் பார்த்தவர் உண்டா? இடித்த சத்தத்தைக் கேட்டவர் உண்டா?

உண்டு. ஆலையின் எதிர்ச்சாரியில் பதினான்கு கடைகள் உண்டு. நாங்கள் பதினான்கு கடையும் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர், யாரென்று சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம், என்னைக் கடைக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ரேடியோல ரெண்டு பாட்டு ஓடுற நேரம் இடிச்சாங்கம்மா. ஆனா நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாத. என் மச்சான் அங்கதான் வண்டி ஓட்டுறான்.”

இன்னொருவர் சொன்னார். “தினமும்தான் இடிக்குதுங்க. சோத்துக்குப் போகணும்னு இடிக்குதுங்கன்னு நெனச்சேன். எழுந்து போய்ப் பாத்திருக்கலாம். பாக்கல.” சொல்லிவிட்டு அழுதார். அழுதுவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார்.

ஆக, ஊருக்குத் தெரியும். தெரிந்த ஊரை எப்படிப் பேசவைப்பது? அப்போதுதான் எங்கள் கூட்டத்துத் தச்சன், ‘உளி’ என்று நாங்கள் கூப்பிடுகிற அவன், இந்த யோசனையைச் சொன்னான். அவன் அதிகம் பேசமாட்டான். பேசினால் சிரிப்பும் வராது.

“நடந்தத நடந்தபடி ஊருக்கு முன்னால போட்டுக் காட்டுவோம். மூஞ்சி தெரிஞ்சா வீட்டுக்கு வீடு பிரச்சனை வரும். அதனால நிழலாப் போடுவோம். நிழல்ல யாரு யாருன்னு எவனுக்குத் தெரியப்போவுது?”

முகம் காட்டப் பயந்துதான் அன்பர்களே நாங்கள் நிழலுக்குப் போனோம். ‘கலைத் தாகம்’ என்று முதல்வர் சொன்னார். தாகம் எல்லாம் இல்லை. பயம்.

மூடிக்கிடந்த மரக் கிடங்கைக் கெஞ்சி வாங்கினோம். ஒட்டடை அடித்தோம், ஓட்டை அடைத்தோம், ஒவ்வொரு ஜன்னலுக்கும் கறுப்புச் சாக்கு கட்டினோம். நாற்பத்தெட்டு அடி அகலம், இருபது அடி உயரத்துக்குத் திரை வேண்டும். கிழிந்து கழித்த விரிப்புகள் நூற்றுப்பத்து கிடைத்தன. அதை ஒட்டுத் தெரியாமல் ஒன்றாகத் தைக்க யார் இருக்கிறார்கள்? இறந்த எட்டுப் பேரில் இளையவள், நாங்கள் ‘வாலு’ என்று கூப்பிடுவோமே அந்தப் பத்தொன்பது வயசுப் பெண், அவளுடைய அம்மா தையல்காரர். கேட்கவே எங்களுக்கு நாக்கு எழவில்லை. கேட்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தையல் மெஷினைக் கிடங்குக்கே தூக்கிவரச் சொல்லி, பதினெட்டு நாள் உட்கார்ந்து தைத்தார். முடித்துவிட்டுச் சொன்னார். “நீங்க பழகுறப்ப நான் வரமாட்டேன் கண்ணு. ஒரு தடவதான் என்னால பாக்க முடியும். எல்லாம் முடிச்சுட்டுக் கூப்பிடுங்க.”

போகும்போது ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுத்தார். வாலுவாக நடிக்கிற பெண்ணைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, வலது பாதத்தைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்து நிற்கச் சொன்னார். “சும்மா நிக்கறப்ப இப்படித்தான் நிப்பா. செருப்பு தேயக்கூடாதுன்னு காரணம் சொல்லுவா.”

விளக்கு என் பொறுப்பு. விளையாட்டு மைதானத்துக் கம்பத்திலிருந்து கழற்றிப் போட்ட பழைய பெரிய விளக்கு. பின்னால் இருக்கும் பளபளப்புச் சட்டியைக் கழற்றினால்தான் நிழல் கூர்மையாக விழும் என்று எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது. அதுவரைக்கும் திரையில் ஆள் ஆளாக விழவில்லை, கறுப்புக் கம்பளி மூட்டையாக விழுந்தது. விளக்குக்குப் பக்கத்தில் போனால் நிழல் பெருக்கும், திரைக்குப் பக்கத்தில் போனால் சிறுக்கும். இது தெரியாமல் முதல் நாள் உளி விளக்கடியில் குனிந்து ஆணி பொறுக்க, அவன் காது ஒன்று திரையில் வண்டிச்சக்கரம் அளவுக்கு எழுந்து நின்றது. சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். நிறையவே சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் இன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த விளக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை அணைத்தால் சூடு ஆறும்வரை, கால் மணி நேரத்துக்கு, தலைகீழாக நின்றாலும் திரும்ப எரியாது. அதனால் காட்சி மாறும்போது அணைக்கமாட்டோம். ஒரு தகர மூடியை விளக்குக்கு முன்னால் பிடித்து வெளிச்சத்தை மறைப்போம். திரை இருளும். உள்ளே மாற்ற வேண்டியதை மாற்றுவோம். மூடியை எடுப்போம். அந்த மூடி என் கையில்தான் இருந்தது. என் கையில் மட்டும்தான் இருந்தது.

பிறகு சுவர். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல். மேலே உத்தரத்திலிருந்து தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டு, நரம்பைத் தளர்த்தினால் இறங்க வேண்டும், இழுத்தால் ஏற வேண்டும். பன்னிரண்டு பேர் அந்த நரம்புகளைப் பிடித்தார்கள். முதலில் சுவர் சுவராக விழவில்லை, சோளப்பொரி மாதிரி கொட்டியது. ஒரு செங்கல் முன்னால், அதன்பின் இரண்டு, அதன்பின் வரிசை, அதன்பின் வெள்ளம் என்று விழவைக்க இரண்டு மாதம் ஆனது. இரண்டு மாதம் அந்தச் சுவரை விழவைத்தோம். ஒரு நாளைக்கு முப்பது தடவை விழவைத்தோம். நான் “மறுபடி” என்று கத்தினால் போதும். ஒருவர் ஒரு கேள்வி கேட்கமாட்டார். பன்னிரண்டு பேர் நரம்பை இழுப்பார்கள், கீழே கிடக்கிற எட்டுப் பெண்கள் எழுந்து தூசி தட்டி நிற்பார்கள். தொடக்கத்தில் நாலு நிமிடம் ஆனது. பிற்பாடு நாற்பது நொடி. அப்படிப் பழக்கிவைத்தேன். பழகும்போது மூடியைப் பிடிக்கமாட்டேன். வெளிச்சம் இருந்தால்தானே நரம்பு சிக்காமல் இழுக்க முடியும்?

இங்கேதான் எங்கள் தவறு. கவனியுங்கள். இருபத்தேழு பேரும் திரைக்குப் பின்னால் தேவைப்பட்டோம். ஒருவர்கூட முன்னால் போய் உட்காரவில்லை. ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட, நாங்கள் காட்டுவதை நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது கயிறும் நரம்பும் வியர்வையும்தான். சுவர் விழுவது எங்களுக்கு ஒரு வேலையாகிப்போனது. வேலை நன்றாக நடந்தால் சந்தோஷம், செங்கல் சிக்கினால் வருத்தம். யார் மேல் விழுகிறது என்பது எங்கே போயிற்று? என்னிடம் கேட்காதீர்கள். நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாடக நாள் வந்தது. மாலை ஆறரை மணி. அறுநூற்று நாற்பது பேர் வந்தீர்கள். வெளியேறும் வாசலில் ஒரு மேசை போட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். முதல் பக்கத்தில் உளி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: ‘நீங்கள் பார்த்ததை, கேட்டதை இங்கே எழுதுங்கள். கையெழுத்துப் போடுங்கள்.’ அந்த நோட்டை விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அன்பர்களே அத்தனையும். திரை அதற்காக, விளக்கு அதற்காக, நானூற்றுப் பன்னிரண்டு செங்கல் அதற்காக. ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து.

நாடகம் நடந்தது. எட்டு நிழல் தேய்த்தது. எட்டு நிழல் பேசிச் சிரித்தது. மேஸ்திரியின் நிழல் வந்து பூட்டியது. விரிசல் விட்டது. எட்டும் கதவை இடித்தது. கிடங்கில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. சுவர் விழுந்தது. ஒரு செங்கல், இரண்டு, ஒரு வரிசை, பிறகு வெள்ளம். ஒரு நரம்பு சிக்கவில்லை. ஒரு பெட்டி பிசகவில்லை. இரண்டு மாதத்தில் அவ்வளவு அழகாக அது விழுந்ததே இல்லை.

நீங்கள் கை தட்டினீர்கள்.

எட்டுப் பேர் மண்ணுக்குள் கிடக்கிறார்கள், நீங்கள் கை தட்டினீர்கள். விசில் அடித்தீர்கள். யாரோ ஒருவர் “ஒன்ஸ் மோர்” என்றார். பிறகு பத்துப் பேர், பிறகு நூறு பேர். உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஏனென்றால், திரைக்குப் பின்னால் அந்தக் கைத்தட்டலைக் கேட்டு என் உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஏழு மாத உழைப்பு, அன்பர்களே. உளி என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. நான் கத்தினேன். “மறுபடி.”

மூடியைப் பிடிக்கவில்லை. பழக்கம் அப்படி.

பன்னிரண்டு பேர் நரம்பை இழுத்தார்கள். எட்டுப் பெண்களும் எழுந்தார்கள். நாற்பது நொடி. சுவர் இரண்டாம் முறை விழுந்தது. கைத்தட்டல் முதல் தடவையைவிடப் பெரிசாகக் கேட்டது.

எல்லோரும் போனபின் ஓடிப்போய் நோட்டை எடுத்தோம். எழுபத்து மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக நான் சத்தம்போட்டுப் படித்தேன். ‘அருமை.’ ‘நிழலா நிஜமா?’ ‘லைட்டிங் பிரமாதம்.’ ‘சுவர் விழும் சீன் சூப்பர், எப்படிச் செய்தீர்கள்?’ ‘எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வர முடியுமா, தொலைபேசி எண் கீழே.’ கதவு என்ற வார்த்தை அந்த எழுபத்து மூன்று பக்கத்தில் எங்கும் இல்லை. எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தீர்கள். ஒன்பது பேரும் எழுதியிருந்தீர்கள். ஒன்பதும் வாழ்த்து.

இப்போது இந்த விழா. இந்தக் கேடயம். மேடையில் உட்கார்ந்திருந்தபோது துணைத் தலைவரிடம் வாங்கி ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்தேன். முன்னால் எங்கள் பெயர். பின்னால் சின்ன எழுத்தில், ‘அன்பளிப்பு: சலவை ஆலை நிர்வாகம்.’ சத்தம் போடாதீர்கள், உட்காருங்கள். அவர்கள் மேல்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் ஏன் கொடுக்கமாட்டார்கள்? முப்பது ஊருக்கு இந்த நாடகத்தைக் கொண்டுபோக வண்டியும் தருகிறார்களாம். பார்த்த ஊரெல்லாம் கை தட்டும், எந்த ஊரும் கேள்வி கேட்காது என்று எங்களுக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கொலையைக் காட்டச் சொன்னால் கண்காட்சி காட்டியிருக்கிறோம். அதற்குப் பரிசு.

தலைவர் அவர்களே, மணி ஆகிறது, தெரிகிறது. இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் நான் மனுஷி இல்லை.

நாடகம் முடிந்த மூன்றாம் நாள் தையல்காரம்மா என் கடைக்கு வந்தார். அன்றைக்கு முன்வரிசையில் நடு நாற்காலி அவருடையது. ஒரு தடவைதான் பார்க்க முடியும் என்றவருக்கு இரண்டு தடவை காட்டியவள் நான். எந்த முகத்தோடு பார்ப்பது? மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன் கண்ணு, ரெண்டாவது தடவ போட்டீங்கல்ல.”

“மன்னிச்சுடுங்கம்மா. ஜனங்க கேட்டாங்க. எங்களுக்குப் புத்தி இல்ல.”

“அதுக்கு நடுவுல எழுந்தாங்கல்ல.”

எனக்குப் புரியவில்லை. “யாரும்மா?” என்றேன்.

“எட்டுப் பேரும். கல்லெல்லாம் ஒண்ணொண்ணா மேல போச்சு. ஒருத்திய இன்னொருத்தி கையக் குடுத்துத் தூக்கிவிட்டா. எம்பொண்ணு எழுந்து பாவாடைல ஒட்டின மண்ணத் தட்டினா. கால் மேல காலு வெச்சு நின்னா.”

அப்போதுதான் அன்பர்களே எனக்கு உறைத்தது. மூடி போடாத அந்த நாற்பது நொடியும் திரையில் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம், செத்தவர்கள் தூசி தட்டுகிறார்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. தன் பெண் எழுந்து நிற்பதைப் பார்த்தார். எழுந்து நின்றவள் மேல் மறுபடியும் சுவர் விழுந்ததைப் பார்த்தார். ஊரில் எந்தத் தாய்க்கும் ஒரு பிள்ளை ஒரு முறைதான் சாகும். இவருக்கு மூன்று முறை. ஒன்று ஆலையில். இரண்டு என்னால்.

“ஒண்ணு கேப்பேன், செய்வியா?” என்றார். “அந்த எழுறத மட்டும் எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டு. விழுறது வேணாம். எழுறது போதும்.”

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டோம். கிடங்கில் ஒரு நாற்காலி. அவர் ஒருவர். திரைக்குப் பின்னால் இருபத்தேழு பேர். மூடியால் விளக்கை மறைத்துப் பிடித்துக்கொண்டு, செங்கல்லை எல்லாம் கீழே இறக்கி, எட்டுப் பெண்களையும் படுக்கவைத்து, அப்புறம் மூடியை எடுத்தேன். செங்கல் ஒவ்வொன்றாக மேலே போயிற்று. எட்டுப் பேரும் எழுந்தார்கள். மண்ணைத் தட்டினார்கள். வாலு கால் மேல் கால் வைத்து நின்றாள்.

அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எங்களிடம் ஒன்றுமில்லை. செத்தவர்கள் எழுந்தபின் என்ன செய்வார்கள் என்று நாங்கள் பழகவில்லையே. எட்டுப் பெண்களும் அப்படியே நின்றார்கள். முன்னாலிருந்து குரல் வந்தது. அழுகைக் குரல் இல்லை. ஆலை வாசலில் தினமும் நின்று கூப்பிடுவாரே, அதே குரல்.

“வேலை முடிஞ்சுதா? வா, வீட்டுக்குப் போலாம். அவங்களையும் கூட்டிக்கிட்டு வா.”

வாலுவாக நடித்த பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்? கதவுக்குப் போனாள். தள்ளினாள். அது திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? கதவும் அதன் நிலையும் ஒரே பலகையில் வெட்டியது. நாடகத்தில் ஆள் உள்ளே இருக்கிறபோது அது திறக்கிற இடமே இல்லை என்பதால் உளி அதற்குக் கீல் வைக்கவில்லை. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். முன்னால் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

உளி ரம்பத்தை எடுத்துவிட்டான். என் காதுக்குள் சொன்னான். “ரெண்டு நிமிஷம். அறுத்துத் தொறந்துடறேன்.”

நான் அவன் கையைப் பிடித்தேன். “வேணாம். தொறந்துதான் இருந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. நாமளும் தொறந்து காட்டினா, அவங்க சொன்னது மெய்யாயிடும்.”

“இங்க எவன் பாக்குறான்? அந்தம்மா ஒருத்திதான். ஒரே தடவ. விடு என்ன.”

விடவில்லை. அவன் ரம்பத்தை இழுக்க, நான் இழுக்க, என் உள்ளங்கை கிழிந்தது. இதோ, காயம் இன்னும் ஆறவில்லை. ஒரு தாய்க்கு ஒரு நொடி ஆறுதல் கொடுப்பதா, எட்டுப் பேருக்காகச் சொல்லும் ஒரே உண்மையைக் காப்பதா? எது நியாயம்? எவர் சொல்வீர்கள்? பெரியோர்களே, சொல்லுங்கள். தாய்மார்களே, சொல்லுங்கள். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஊரில் ஒரே ஒருவர் வாய் திறந்து ‘பூட்டியிருந்தது’ என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு நாள், அந்த ஒரு தாய்க்காக, நாங்கள் அந்தக் கதவைத் திறந்திருப்போம். உண்மை எங்கேயாவது பத்திரமாக இருந்திருந்தால் நாங்கள் பொய் சொல்லியிருப்போம். அது எங்கேயும் இல்லை. அந்தப் பலகையில் மட்டும்தான் இருந்தது. ஒரு விரற்கடைத் தடிமன் பலகையில்.

எங்கள் சண்டை திரைக்கு முன்னால் கேட்டிருக்கிறது.

“அறுக்காத தம்பி” என்றார் அவர். “விட்டுடு. அது பூட்டியிருந்துச்சுன்னு இந்த ஊர்ல நீங்க மட்டும்தான் சொல்றீங்க.”

உளி ரம்பத்தைக் கீழே வைத்தான். பிறகு அவர் இன்னொன்று சொன்னார்.

“அவங்கள உக்காரச் சொல்லு கண்ணு. காலைலேருந்து நின்னுக்கிட்டே தேய்க்குதுங்க.”

எட்டுப் பெண்களும் உட்கார்ந்தார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால், எழுந்து நிற்கும் சுவருக்கு அடியில், வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். என்னால் மூடியைப் போட முடியவில்லை. அவர் எழுந்து போகும்வரை வெளிச்சத்தை விட்டுவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

அன்பர்களே, முடித்துவிடுகிறேன். இந்தக் கேடயத்தை நாங்கள் வாங்கப்போவதில்லை. முப்பது ஊருக்கும் போகப்போவதில்லை. அந்தச் சுவர் இனி விழாது, நேற்று எல்லா நரம்பையும் அறுத்துவிட்டோம். கதவை மட்டும் அறுக்கவில்லை.

விசாரணை நாளை மறுநாள், திங்கட்கிழமையோடு முடிகிறது. காலை பத்து மணி, நகர மன்றக் கட்டடம், மாடியில் இரண்டாவது அறை. பதினோரு மாதமாகச் சாட்சி நாற்காலி காலியாக இருக்கிறது. உங்களில் யாராவது வருவீர்கள் என்று நான் நம்புகிறேனா? இல்லை. நம்பிக்கை வற்றிப்போயிற்று, பொய் சொல்ல விருப்பமில்லை. வராவிட்டால் பன்னிரண்டு மணிக்கு அதிகாரி கையெழுத்துப் போடுவார், அந்த எட்டுப் பேரும் திறந்த கதவுக்குள் தங்கள் தவறால் செத்தவர்கள் என்று தாளில் பதிவாகும். அதற்குப் பிறகு அதை மாற்ற எங்களால் முடியாது.

கால் கடுக்க நின்று கேட்ட தோழர்களுக்கும், தாய்மார்களுக்கும், பொறுமை காத்த தலைவருக்கும் நன்றி. பேச்சை முடிக்கும்போது வணக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை இன்றைக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்த அறை வாசலில் நிற்பேன். வருகிறவருக்கு அங்கே சொல்கிறேன்.